ஜப்பானின் தொலைதீவுகள்: எந்தக் கப்பலில் ஏறுவது?

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத் தம்பி ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தான். "அண்ணா, கப்பல்ல போற மாதிரி ஒரு தீவு சொல்லுங்க. நல்லா தூரமா இருக்கணும். கையில ஒரு வாரம் லீவு இருக்கு" என்றான். "லீவு எந்தக் கிழமை ஆரம்பிக்குது?" என்று கேட்டேன். தீவைக் கேட்டால் கிழமையைக் கேட்கிறாரே என்று முழித்தான்.

ஜப்பானில் இருக்கும் இத்தனை வருடங்களில் இந்த மாதிரி நான்கு திசைக் கப்பல்களில் ஏறியிருக்கிறேன். ஒன்றில் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுத்திருக்கிறேன். ஒன்றில் ஏறவே முடியாமல் திரும்பியிருக்கிறேன். அதில் கற்றது இதுதான்: இணையத்தில் கடற்கரைப் படங்களைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. படத்தில் எல்லாத் தீவும் நீலமாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது கப்பலை. எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது, அலை எழும்பினால் நின்றுவிடுமா, நின்றுவிட்டால் திரும்பி வர வேறு வழி உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தீவு தானாக முடிவாகிவிடும்.

ஒப்பிடப்போவது நான்கு இடங்களை: டோக்கியோவுக்குத் தெற்கே ஒகசவாரா, ஒகினாவாவுக்குக் கிழக்கே தைத்தோ, ககோஷிமாவுக்கும் அமாமி தீவுக்கும் நடுவே தொகாரா, தைவானை ஒட்டினாற்போல் யாயேயாமா. நான்குமே கடக ரேகைக்கு வடக்கே, ஏறத்தாழ 24 முதல் 30 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கின்றன. தாழை உண்டு, பவளப்பாறை உண்டு. ஆனால் ராமேஸ்வர வெயிலை நினைத்துக்கொண்டு ஜனவரியில் அரைக்கை சட்டையோடு போய் இறங்காதீர்கள். காற்று வெடவெடக்க வைக்கும்.

ஒகசவாராவில் தொடங்குவோம். டோக்கியோவிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தெற்கே நடுக்கடலில் இருந்தாலும், நிர்வாகக் கணக்கில் அது டோக்கியோதான். அங்கே ஓடும் கார்களில் டோக்கியோவின் ஷினகாவா நம்பர் பிளேட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விமான நிலையம் கிடையாது. பல பத்தாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது, ஓடுபாதை வரவில்லை. போவதற்கும் வருவதற்கும் ஒரே வழி 'ஒகசவாரா மாரு'. உள்ளூரில் செல்லமாக 'ஒகமாரு'. இப்போது ஓடுவது மூன்றாவது தலைமுறைக் கப்பல். 2016இல் வந்தது, சுமார் 11,000 டன். டோக்கியோவின் தகேஷிபா துறையில் காலை 11 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை 11 மணிக்கு ஒகசவாராவின் முக்கியத் தீவான சிச்சிஜிமா. சரியாக 24 மணி நேரம்.

வழக்கமான சுற்று ஆறு நாள். கப்பலில் ஒரு இரவு, தீவில் மூன்று இரவு, திரும்பும்போது கப்பலில் இன்னொரு இரவு. நீங்கள் தீவில் இருக்கும் நாட்களில் கப்பலும் துறையில் கட்டியபடி காத்திருக்கும். தீவு பிடிக்கவில்லை, நாளைக்கே கிளம்புகிறேன் என்றால் முடியாது; இரண்டு நாள் கூடுதலாக இருக்கிறேன் என்றாலும் முடியாது, அடுத்த சுற்று வரை இருந்தாக வேண்டும். கோடை விடுமுறையில் கப்பல் அடிக்கடி ஓடும். வருடத்தில் சில வாரங்கள் பராமரிப்புக்காக ஓடாது. ஆகவே முதலில் அட்டவணை, அப்புறம்தான் லீவு விண்ணப்பம்.

கட்டணம் மலிவல்ல. தரையில் மெத்தை விரித்துப் படுக்கும் கடைசி வகுப்புக்கே ஒரு வழிக்கு இருபதாயிரம் யென்னைத் தாண்டும். நான் அதில்தான் போனேன். பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் டோக்கியோ விரிகுடாவைத் தாண்டுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தவர், மறுநாள் காலைதான் எழுந்தார். அனுபவசாலி. அந்த முதல் இரண்டு மணி நேரம் குளம் மாதிரி இருக்கும். ஹனேடாவில் இறங்கும் விமானங்களை எண்ணிக்கொண்டே டெக்கில் நிற்கலாம். விரிகுடாவை விட்டு வெளியே வந்ததும் கப்பல் மெதுவாகத் தலையாட்டத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் கைபேசியில் சிக்னல் போய்விடும். அலுவலகத்திலிருந்து யாரும் கூப்பிட முடியாது என்பது உறைக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது.

மறுநாள் காலையில் முதலில் கண்ணில் படுவது முகோஜிமா கூட்டம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தீவுகளுக்குப் பெயர் வைத்தவர் ஒரு கூட்டுக் குடும்பத்தையே கடலில் இறக்கியிருக்கிறார். சிச்சிஜிமா அப்பா தீவு, ஹஹாஜிமா அம்மா தீவு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாம் உண்டு. முகோஜிமா என்றால் மாப்பிள்ளைத் தீவு! வீட்டு வாசலில் முதலில் மாப்பிள்ளை நின்று வரவேற்கிறார். அந்த நேரத்தில் பழுப்பு நிறக் கடற்பறவைகள் கப்பலை ஒட்டியே பறந்து வரும். கப்பல் கிளப்பும் அலைக்குப் பயந்து எழும்பும் பறக்கும் மீன்களைச் செங்குத்தாகப் பாய்ந்து பிடிக்கும். படுத்துக் கிடந்தவர்கள்கூட எழுந்து டெக்குக்கு வந்துவிடுவார்கள்.

தீவின் கதையும் விசித்திரமானது. 1830இல் ஹவாயிலிருந்து வந்த அமெரிக்கர், ஐரோப்பியர், பசிபிக் தீவினர் இருபத்துச் சொச்சம் பேர்தான் முதல் குடியேறிகள். ஜப்பான் 1876இல் தன்னுடையது என்று உறுதி செய்தது. 1944இல் போருக்காக மக்களை வெளியேற்றினார்கள். போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்து, 1968இல்தான் ஜப்பானுக்குத் திரும்பியது. அந்த முதல் குடியேறிகளின் வம்சாவளியினர் இன்றும் தீவில் இருக்கிறார்கள். வயல் ஓரங்களில் காற்றுத் தடுப்புக்கு நட்டிருக்கும் ஒரு மரத்தை உள்ளூர்க்காரர்கள் 'தமனா' என்கிறார்கள். பசிபிக் தீவுகளிலிருந்து வந்த பெயர். இலையைத் திருப்பிப் பார்த்தேன். நம் புன்னை! ஆயிரம் கிலோமீட்டர் கப்பலில் வந்து மயிலாப்பூர் கோவில் மரத்தின் கீழே நிற்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் என்பதால் கட்டுப்பாடுகள் உண்டு. எந்தக் கண்டத்தோடும் எப்போதும் ஒட்டியிராத தீவுகள். அங்கே மட்டுமே பிறந்து வளர்ந்த நில நத்தைகள் ஏராளம். சிச்சிஜிமாவில் அந்த நத்தைகளைத் தின்று தீர்க்கும் தட்டைப்புழு ஒன்று வெளியிலிருந்து வந்து பரவிவிட்டது. அம்மா தீவுக்கு அது போய்விடக் கூடாது. அதனால் இரண்டு மணி நேரப் படகில் ஹஹாஜிமா போகும்போது செருப்படி மண்ணைக் கடல்நீரால் கழுவச் சொல்வார்கள். காட்டுப்பாதை வாசலில் தூரிகையும் உருளையும் வைத்திருப்பார்கள். காலுறையில் ஒட்டிய விதையைக்கூட உருட்டி எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளை மணலும் பாறை வளைவுமாக எல்லா விளம்பரப் படத்திலும் வரும் மினாமிஜிமாவுக்கு ஒரு நாளைக்கு நூறு பேர்தான், அதுவும் வழிகாட்டியோடு, இரண்டு மணி நேரம் மட்டும். குளிர்காலத்தில் பெரும்பகுதி மூடிவிடுவார்கள். கூடாரம் அடிக்கத் தடை. தங்குமிடம் உறுதி செய்யாமல் கப்பலில் ஏறாதீர்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் வரும். மலைமேட்டிலிருந்தே பார்க்கலாம், படகுகூட வேண்டாம். ஆனால் அந்த மாதங்களில் கடலும் குளிரும், கப்பலும் ஆடும். எதை எதற்கு விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் வயிற்றைப் பொறுத்தது.

திரும்பும் நாள் பற்றி எழுதாமல் விட முடியாது. மாலை மூன்று மணி. துறையில் முரசு அடிக்கிறார்கள். கப்பல் நகர்ந்ததும் தீவின் சிறு படகுகள் எல்லாம் இரு பக்கமும் கூடவே ஓடி வருகின்றன. படகில் இருப்பவர்கள் யாரும் 'இத்தோடு விடை' என்ற தொனியில் 'சயோனாரா' சொல்வதில்லை. "இத்தெராஷ்ஷாய்!" என்று கத்துகிறார்கள். வீட்டை விட்டு வெளியே கிளம்புபவரிடம் சொல்லும் சொல் அது: போயிட்டு வாங்க. கப்பலிலிருந்து பதில், "இத்தெகிமாஸ்!", போயிட்டு வர்றேன். 'போறேன்' என்று சொன்னால் பாட்டியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. விரிகுடா வாயில் வரை துரத்தி வந்து, கடைசியில் ஒவ்வொரு படகாக நிற்க, இளைஞர்கள் படகின் விளிம்பிலிருந்து கடலில் குதிக்கிறார்கள். தீவில் கொடுத்த இலை மாலையைக் கடலில் வீசுவார்கள். அது கரை சேர்ந்தால் நாமும் திரும்ப வருவோமாம்.

இதற்கு நேர் எதிரான இடம் தைத்தோ. ஒகினாவாவின் நாஹாவிலிருந்து கிழக்கே சுமார் 360 கிலோமீட்டர். மினாமிதைத்தோ, கிதாதைத்தோ என்று மக்கள் வாழும் இரண்டு தீவுகள். மணல் கடற்கரை கிடையாது, ஒரு முழம்கூடக் கிடையாது. பழைய பவளத்தீவு ஒன்று கடலுக்கு மேலே தூக்கப்பட்டு நிற்பதால் சுற்றிலும் சுவர் மாதிரி பாறை. குளிக்க வேண்டும் என்றால் பாறையைக் குடைந்து செய்த குளத்தில் அலை வந்து நிரப்பும் நீரில் குளிக்க வேண்டும். தீவின் விளிம்பு உயர்ந்து நடுப்பகுதி குழிந்து, தட்டு மாதிரி இருக்கும். விளிம்பு மேட்டுக்கு உள்ளூர்ச் சொல் 'ஹாகு'. உள்ளே முழுக்கக் கரும்பு, நடுவே குளங்கள். அதில் ஒரு குளத்தோரம், கடலோடு தொடர்பே இல்லாத இடத்தில், அலையாத்திக் காடு வளர்ந்து நிற்கிறது.

இங்கே போகும் கப்பலின் பெயரே 'தைத்தோ'. அடிப்படையில் அது சரக்குக் கப்பல். அரிசி, சிமெண்ட், மாட்டுத் தீவனத்தோடு நம்மையும் ஏற்றிக்கொள்கிறார்கள். மாதத்துக்கு நாலைந்து முறைதான் போகும். நாஹாவின் தொமாரி துறையிலிருந்து மாலை கிளம்பினால் மறுநாள் காலை தீவு. பாறைச் சுவரை ஒட்டிக் கப்பலை நிறுத்த முடியாது, அலை தூக்கி மோதிவிடும். கொஞ்சம் தள்ளிக் கயிற்றில் கட்டி நிறுத்துவார்கள். அப்புறம்தான் வேடிக்கை.

இரும்புக் கூண்டு ஒன்று கிரேனில் தொங்கியபடி கப்பலின் தளத்தில் வந்து உட்காரும். நாலைந்து பேர் ஏறி நிற்க வேண்டும். கதவைச் சாத்திக் கொக்கி போட்டதும் ஒருவர் மேலே பார்த்துக் கை காட்டுவார். கால் கீழே இருக்கும் தரை விலகும். கப்பல் கீழே இறங்கும், கூண்டு மேலே போகும், நடுவே கறுநீலக் கடல். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு முன்னால் போன கூண்டில் ஒரு பள்ளிப்பையன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு அது டவுன் பஸ். மனிதர்கள் மட்டுமல்ல, மீன்பிடி படகுகளையும் இப்படித்தான் தூக்கி இறக்குவார்கள். மினாமிதைத்தோவில் இறங்குதுறை ஒன்றுக்கு மூன்று. அன்றைக்கு அலை எந்தப் பக்கம் அடிக்கவில்லையோ அந்தப் பக்கம் கப்பல் போகும்.

1900 வரை இங்கே ஆளே இல்லை. தமாவோகி ஹான்எமோன் என்பவர் அனுப்பிய, டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள ஹச்சிஜோஜிமா தீவினர் வந்து காடு வெட்டிக் கரும்பு போட்டார்கள். போர் முடியும் வரை தீவே ஒரு கரும்புக் கம்பெனியின் சொத்து. பள்ளி, ரயில், கடை எல்லாம் கம்பெனியுடையது. கூலிக்குக் கம்பெனி அச்சடித்த சீட்டு, அது தீவுக்குள் மட்டும் செல்லும். தேயிலைத் தோட்டங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். உழுத நிலம் உழுதவர் பெயருக்கு வந்தது 1964இல்தான். கரும்பு ஏற்றிய குட்டி ரயில் 1983 வரை ஓடியது. தண்டவாளத் துண்டுகளை இன்றும் பார்க்கலாம். ஹச்சிஜோவும் ஒகினாவாவும் கலந்த ஊர் என்பதால் திருவிழாவில் இரண்டு வகை மல்யுத்தம் நடக்கும். பக்கத்துத் தீவான கிதாதைத்தோவில் பாஸ்பேட் வெட்டினார்கள், 1950 வரை. அந்தக் கட்டிடங்களின் இடிபாடுகள் கடலோரம் நிற்கின்றன. மாலை வெயிலில் அவற்றைப் பார்க்க மட்டுமே ஒருமுறை போகலாம் என்பேன்.

தைத்தோவின் பெரிய சௌகரியம், விமானமும் உண்டு. நாஹாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். கப்பல் அதைவிடப் பல மடங்கு மலிவு, ஆனால் கப்பல் அட்டவணை அலையின் கையில் இருக்கிறது. ஒருநாள் தள்ளிப் போகும், சில சமயம் ஒரு தீவைத் தொடாமலே திரும்பும். அதனால் என் யோசனை: போகும்போது கப்பல், வரும்போது விமானம். கப்பல் ரத்தானால் போகும் வழிக்கும் விமானம் இருக்கிறது, லீவு வீணாகாது. கூண்டு அனுபவம் மட்டும் கைநழுவும்.

தொகாராவுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ககோஷிமாவுக்குத் தெற்கே ஏழு தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். ஏழும் சேர்ந்து ஒரே கிராமம், பெயர் தொஷிமா. கிராமத்தின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர், மக்கள் எழுநூறு பேர் அளவில். கிராம அலுவலகம் எந்தத் தீவிலும் இல்லை, ககோஷிமா நகரத்தில் இருக்கிறது! எல்லாத் தீவுக்கும் பொதுவான இடம் கப்பல் கிளம்பும் ஊர்தானே. 'ஃபெர்ரி தொஷிமா 2' வாரத்துக்கு இரண்டு முறை இரவு 11 மணிக்குக் கிளம்பி, விடிகாலையிலிருந்து ஒவ்வொரு தீவாகத் தொட்டுக்கொண்டு, கடைசித் தீவான தகராஜிமாவுக்கு நண்பகல் வாக்கில் சேரும்.

இங்கே மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்று உண்டு. இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் ஏழு தீவுகளைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு துறையிலும் தலைக்கவசம் போட்ட ஊர்க்காரர்கள் வந்து கயிறு பிடித்துக் கட்டுகிறார்கள், பெட்டிகளை இறக்குகிறார்கள். தபால், காய்கறி, பள்ளி ஆசிரியர் எல்லாம் ஒரே கப்பலில் வந்து இறங்குவதைப் பார்க்க அலுக்காது. சுவனோசெஜிமாவில் எரிமலை புகைந்துகொண்டிருக்கும். அகுசெகிஜிமாவில் வருடத்துக்கு ஒருமுறை, பழைய சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம் 16ஆம் நாள், 'போஜே' என்ற முகமூடித் தெய்வம் இறங்கும். பெரிய காது, பிதுங்கிய கண், உடம்பெல்லாம் இலை, கையில் செம்மண் தோய்த்த நீளக் கோல். ஓடி ஓடிச் சேற்றைப் பூசும்; பூசினால் நோய் அண்டாது என்பது நம்பிக்கை. குழந்தைகள் அலறும் அலறலில் நம்மூர்த் திருவிழாவே தோற்கும்.

ஆனால் புதிதாகப் போகிறவருக்குத் தொகாராவை நான் சொல்ல மாட்டேன். தங்குமிடங்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் மூன்று வேளைச் சாப்பாட்டோடு கூடிய வீட்டு விடுதிகள். தொலைபேசியில் ஜப்பானிய மொழியில் பேசித்தான் இடம் பிடிக்க வேண்டும். கடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கப்பல் நின்றால் நீங்களும் நின்றீர்கள். தெற்குக் கோடியில் உள்ள இரண்டு தீவுகளில் ஹாபு என்ற விஷப்பாம்பும் உண்டு. இன்னொன்று, பூமி. 2025 ஜூன் கடைசியிலிருந்து இந்தக் கடலடியில் நிலநடுக்கங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. ஜூலை 3ஆம் தேதி அகுசெகிஜிமாவில், குலுக்கலை ஏழு வரை எண்ணும் ஜப்பானிய அளவுகோலில் 'ஆறின் கீழ்நிலை' அதிர்வு. தீவினர் பலர் அதே கப்பலில் ஏறி ககோஷிமாவுக்கு வெளியேறினார்கள். போவதற்கு முன் செய்தி பார்த்துவிட்டுப் போங்கள். பத்து நாள் லீவும் ஓரளவு ஜப்பானியமும் இருப்பவருக்கு இது தங்கமான இடம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

யாயேயாமாவைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதைப் பற்றி எழுதாதவர்களே இல்லை. இஷிகாகி தீவு வரை விமானம், அங்கிருந்து படகு. ஜப்பானில் மக்கள் வாழும் தீவுகளில் தென்கோடியான ஹதெருமாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள். மேற்குக் கோடியான யோனகுனிக்கு ஃபெர்ரியில் நான்கு மணி நேரம். யோனகுனி ஃபெர்ரிக்குப் பயணிகள் வைத்த பட்டப்பெயர் 'கெரோசென்', அதாவது வாந்திக் கப்பல். நியாயமான பெயர், என் குடல் சாட்சி. யோனகுனியிலிருந்து தைவான் 111 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த சில நாட்களில் மலைத்தொடரே தெரியும். ஹதெருமாவில் டிசம்பர் முதல் ஜூன் வரை தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் பார்க்கலாம். (நமக்கு அது பெரிய விஷயமில்லை. கன்னியாகுமரியில் இன்னும் உயரத்தில் தெரியும்.)

ஹதெருமா படகு சிறியது என்பதால் குளிர்கால வடகாற்றில் அடிக்கடி நின்றுவிடும். நான் போனது ஜனவரி. காலை ஏழரைக்கே இஷிகாகி முனையத்தில் வரிசையில் நின்றேன். பலகையில் முதலில் 'ஜோகென்ட்சுகி' என்று போட்டார்கள்: நிபந்தனையோடு கிளம்பும், வழியில் முடியாவிட்டால் திரும்பிவிடும். கால் மணியில் அதை அழித்துவிட்டு 'கெக்கோ' என்று மாற்றினார்கள்: இன்று இல்லை. மூன்று நாளும் அதே சொல். பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த உள்ளூர்ப் பாட்டி, கையிலிருந்த முட்டைக்கோஸ் பையோடு சலனமில்லாமல் திரும்பிப் போனார். நான்தான் டிக்கெட் ஜன்னலில் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த மூன்று நாளும் வீணாகவில்லை. பக்கத்திலேயே தாகெதோமி, இரியோமோதே எனத் தீவுகள், அலை மறைவில் ஓடும் படகுகள், சாப்பிட உணவகங்கள். யாயேயாமாவின் பலம் அதுதான்: ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

வயதானவர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒகசவாராவில் மருத்துவ நிலையம் இருக்கிறது, ஆனால் பெரிய சிக்கல் என்றால் தற்காப்புப் படையின் கடல் விமானம் வந்து தூக்கிப் போக வேண்டும். பிரசவத்துக்குக்கூடத் தீவுப் பெண்கள் முன்கூட்டியே பெருநிலப் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். இதய நோயாளியான அப்பாவை அங்கே அழைத்துப் போவதா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

சாப்பாட்டு விஷயம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஒகசவாராவிலும் தைத்தோவிலும் சோயாவில் ஊறவைத்த மீனை வைத்துச் செய்யும் தீவு சுஷி கிடைக்கும். ஒகசவாராவில் அதற்குப் பச்சை வசாபிக்குப் பதிலாகக் கடுகு. இரண்டு ஊருக்கும் அந்தப் பழக்கம் ஹச்சிஜோக்காரர்கள் கொண்டுவந்தது. சிச்சிஜிமாவில் ஆமைக் கறியும் உண்டு, கணக்கு வைத்துப் பிடிக்கிறார்கள், நான் தொடவில்லை. சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறிச் சாறு என்று சொல்லிக் கொடுப்பதிலும் உலர்மீன் வாசனை இருக்கும். விடுதியில் வெறும் சோறு கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒரு புட்டி புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இருந்தால் ஆறு நாளை ஓட்டிவிடலாம். என் அனுபவத்தில் தொகாராவில்தான் இது கடினம், ஏனென்றால் விடுதி அம்மா ஆசையாகச் சமைத்து வைத்ததை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது.

வாந்திக்கு என் மருந்து: கப்பலேறுவதற்கு அரை மணி முன்பே மாத்திரை, வயிறு காலியாகவும் இல்லாமல் நிறைந்தும் இல்லாமல், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் இடம். மேல்தளத்து ஜன்னல் படுக்கை ஆசை காட்டும், ஏமாறாதீர்கள். ஊஞ்சலின் நுனி அதுதான். பருவம் என்று கேட்டால் நான்குக்கும் பொதுவாக மே முதல் பாதியும் அக்டோபர் கடைசியும் எனக்குப் பிடிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் கப்பலை மட்டுமல்ல, விமானத்தையும் நிறுத்தும்.

இப்போது தம்பிக்கு வருவோம். முதல்முறை போகிறவர் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒகசவாராதான். பெரிய கப்பல், சாதாரண அலைக்கு அசராது. கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் முன்கூட்டியே தெரியும். தனியாக வந்தவனையும் அந்தப் படகுகள் வழியனுப்பும். அவனிடமும் அதைத்தான் சொன்னேன். அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். அவன் லீவு சனிக்கிழமை ஆரம்பிக்கிறது, கப்பல் அதற்கு முந்தைய வியாழக்கிழமையே போய்விடுகிறது. அடுத்தது புதன். லீவை இரண்டு வேலைநாள் தள்ளிக் கேட்டுப் பார் என்றேன். மேனேஜர் முகத்தை நினைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். தொகாரா வேண்டாம், அவனுடைய ஜப்பானியம் பிரியாணிக்கடை வரை மட்டுமே செல்லுபடியாகும். யாயேயாமாவுக்குப் போன வருடமே நண்பர்களோடு போய்வந்துவிட்டான்.

மிச்சம் தைத்தோ. தொமாரியிலிருந்து கப்பல் திங்கள் மாலை என்று போட்டிருந்தது. திரும்ப வெள்ளிக்கிழமை விமானம். விடுதிக்கு நானே போன் செய்து பேசினேன்; அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "கப்பலா, விமானமா?" கப்பல் என்றதும் சிரித்தார். அலை பார்த்துவிட்டு எந்தத் துறைக்கு வண்டி அனுப்புவது என்று அன்றைக்குக் காலையில் சொல்கிறேன் என்றார்.

முந்தாநாள் இரவு பதினொரு மணிக்குத் தம்பியிடமிருந்து செய்தி: "அண்ணா, அந்தக் கூண்டுல நிக்கணுமா, உக்காரணுமா?"

"நிக்கணும். கையை மட்டும் வெளியே நீட்டாதே."